டெல்லி தர்பார்கள்: மரியாதையை எண்ணிக் கொடுத்த அரசு

1876 இறுதியில் டெல்லிக்கு வெளியே சுமார் நூறு கிராமங்களின் நிலத்தை அரசு வாடகைக்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் அங்கே யாரும் விதைக்கக் கூடாது என்று உத்தரவு. விக்டோரியா மகாராணிக்கு 'இந்தியாவின் பேரரசி' என்ற புதுப் பட்டம் வந்திருப்பதை ஊரறியச் சொல்ல, 1877 ஜனவரி 1 அன்று அங்கே ஒரு பெருங்கூட்டத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. சமஸ்தான மன்னர்களும் பரிவாரங்களுமாக 25,600 பேர் வருவார்கள் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தபோது அந்த முகாம்களில் மட்டும் 50,741 பேர் இருந்திருக்கிறார்கள். படைகளின் முகாம்களைக் கணக்கில் சேர்க்காமலே எண்ணாயிரம் கூடாரங்கள்.

தர்பார் என்றால் அரசவைக் கூட்டம். அதே வட்டாரத்தில் இன்னும் இரண்டு தர்பார்கள் நடந்தன. 1903 ஜனவரி 1 அன்று ஏழாம் எட்வர்டின் முடிசூட்டை ஒட்டி வைஸ்ராய் கர்சன் நடத்தியது ஒன்று. 1911 டிசம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் நேரிலேயே வந்து அமர்ந்தது இன்னொன்று. பாடப்புத்தகத்தில் மூன்றும் 'ஆடம்பரம்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஆடம்பரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது எப்படிக் கட்டி எழுப்பப்பட்டது, ஒவ்வொரு முறையும் ஏதோ ஓரிடத்தில் ஏன் கைநழுவிப் போனது என்று பார்க்கப் போனால் ஒரு காரணம் தட்டுப்படும். இரண்டு பேருக்கு நடுவில் நடந்துவந்த ஒரு கொடுக்கல் வாங்கலை ஆங்கிலேயர் அகற்றிவிட்டு, ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் காட்சியை அந்த இடத்தில் வைத்தார்கள். காட்சி என்று வந்துவிட்டால் பார்ப்பவர் வேண்டும். அவர் எதைப் பார்ப்பார், யாருக்குக் கைதட்டுவார் என்பதை வைஸ்ராயால்கூட முடிவு செய்ய முடியாது.

நஜரும் கிலத்தும்

முகலாய தர்பாரில் அரசர் முன் வந்து நிற்பவர் நஜர் எனும் காணிக்கை வைப்பார். பெரும்பாலும் மொகரா எனும் தங்க நாணயங்கள், அவரவர் தகுதிக்குத் தக்கபடி. பதிலுக்கு அரசர் கிலத் அளிப்பார். தலைப்பாகை, சால்வை, அங்கி என்று ஒரு தொகுதி உடை, தகுதி உயர்ந்தால் வாளும் நகையும் குதிரையும் யானையும்கூட. அரசர் உடுத்திய உடை, அல்லது அவர் மேனி தொட்ட உடை என்பது அதன் அடிப்படைக் கருத்து. அதைப் பெற்று அணிந்தவர் அரசரின் ஆட்சியில் ஓர் அங்கமாகிறார். கைக்குக் கை மாறும்போது அந்த உறவு உண்டாகிறது. சுற்றி நிற்பவர்கள் சாட்சிகள், அவ்வளவுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் கண்ணுக்கு இது லஞ்சமாகத் தெரிந்தது. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி குமாஸ்தாத்தனமானது. வந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுப் பேரேட்டில் எழுதினார்கள், தோஷகானா எனும் பொருளறையில் வைத்துப் பூட்டினார்கள். பதிலுக்குக் கொடுப்பது வந்ததன் மதிப்பைத் தாண்டக் கூடாது. ஒரு மன்னர் கொடுத்த சால்வை இன்னொரு மன்னருக்குப் பரிசாகப் போனது. வரவும் செலவும் சரியாக நேர் நின்றன. ஆனால் அரசரின் மேனி தொட்ட உடை என்ற கருத்துக்கு அந்தப் பேரேட்டில் இடம் கிடையாது.

1876இல் வைஸ்ராயாக வந்த லிட்டன் பிரபு இந்தப் பரிமாற்றத்தை ஒரேயடியாக ஓரங்கட்டினார். கிலத்துக்குப் பதிலாக ஒவ்வொரு மன்னருக்கும் ஒரு கொடி. கிழக்கே போகப் போகத் துண்டுக் கொடித்துணிக்கு மதிப்பு கூடும் என்று லண்டனுக்கு எழுதியவர் அவர். ஒவ்வொரு கொடியும் ஐந்தடிக்கு ஐந்தடி, பட்டுத் துணியில். அதன்மேல் ஐரோப்பியப் பிரபு குலங்களின் பாணியில் ஒரு குலச்சின்னம். இந்திய அரச குலங்களுக்கு இந்தக் கேடயச் சின்னங்களை வரைந்து கொடுத்தவர் ராபர்ட் டெய்லர் என்ற வங்காள சிவில் சர்வீஸ் அதிகாரி. பந்தல் அலங்காரத்தைக் கவனித்தவர் லாக்வுட் கிப்ளிங். கொடியும் அதன் கம்பமும் சேர்ந்து கனத்த கனத்தில், ஒன்றைத் தூக்க ஹைலாந்து படையின் திடகாத்திரமான சிப்பாய்கள் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஊர் திரும்பிய பிறகு அதை யானைமேல் கட்டிக் கொண்டுபோனால் உண்டு, வேறு எதற்கும் உதவாது. கொடுத்தவருக்கே தூக்க முடியாத பரிசு என்பதை அன்றைக்கு யாரும் சிரிப்பாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கொடி ஒருவழிப் பரிசு. வைஸ்ராய் கொடுக்கிறார், மன்னர் வாங்கிக்கொள்கிறார். மன்னரிடமிருந்து எதுவும் போவதில்லை. கணக்குப்படி அவருக்கு லாபம், ஆனால் உறவில் அவருக்கு இருந்த பங்கு போய்விட்டது.

குண்டும் பரிவாரமும் கம்பளமும்

கல்யாண வீட்டில் சம்பந்திகளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று திண்டாடியவர்களுக்கு இந்தப் பகுதி எளிதில் புரியும். அறுபத்து மூன்று ஆளும் மன்னர்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்து சமஸ்தானத்தோடு தலைமுறைப் பகை. யார் முன்னால், யார் பின்னால்?

ஆங்கிலேயர் கையில் இருந்த அளவுகோல், மரியாதைக்காகச் சுடும் பீரங்கி. அரசிக்கு 101 குண்டு, வைஸ்ராய்க்கு 31. மன்னர்களுக்கு 21, 19, 17, 15, 13, 11, 9 என்று ஒற்றைப்படையில் இறங்கும் படிகள். 21 குண்டுக்காரர்கள் மிகச் சிலர். ஐதராபாத், மைசூர், பரோடா அந்த வரிசையில் முன்னவை. பின்னால் குவாலியரும் காஷ்மீரும் சேர்ந்தன. திருவிதாங்கூருக்கு 19, கொச்சிக்கு 17. பட்டியலில் இடம்பெறாத சிறு ஜமீன்களும் பாளையங்களும் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவர்களுக்கு வெடிச் சத்தமே இல்லை. இந்த எண்ணைக் கூட்டலாம், குறைக்கலாம், தனி ஆளுக்கென்று இரண்டு சேர்த்துக் கொடுக்கலாம். காசு செலவில்லாமல் ஒரு மன்னரைக் கையில் வைத்திருக்க இதைவிட வசதியான கருவி இல்லை. நன்றாக நடந்துகொண்டால் அடுத்த ஆண்டு இரண்டு குண்டு கூடும் என்ற எதிர்பார்ப்பிலேயே வாழ்நாள் கழித்தவர்கள் உண்டு.

குண்டின் எண்ணிக்கையை வைத்தே மற்ற எல்லாம் கணக்கிடப்பட்டன. 1877 தர்பாருக்கு 17 குண்டு மன்னர் 500 பேரைக் கூட்டி வரலாம். 15 குண்டுக்கு 400, 11க்கு 300, 9க்கு 200, குண்டு இல்லாதவருக்கு 100. முதலில் சொன்ன 25,600 என்ற மதிப்பீட்டுக்குப் பின்னால் இருந்தது இந்த மாதிரிக் கணக்குத்தான். அது பொய்த்ததிலும் வியப்பில்லை. பரிவாரத்தின் அளவில்தான் தன் கௌரவம் இருக்கிறது என்று அரசே சொல்லிக் கொடுத்த பிறகு, எந்த மன்னர் அனுமதித்த தலைக்கணக்கோடு நிற்பார்? சமையல்காரர், யானைப்பாகன், குதிரைக்காரர், அவர்களை நம்பி வந்தவர்கள் என்று எண்ணிக்கை இரட்டித்தது.

தர்பாருக்கு முந்தைய நாட்களில் மன்னர்கள் ஒவ்வொருவராக வைஸ்ராயின் கூடாரத்துக்குப் போனார்கள். வண்டி நின்ற இடத்துக்கு வந்து வரவேற்பது யார், செயலரா சிறு அதிகாரியா? வைஸ்ராய் நாற்காலியை விட்டு எழுந்து கம்பளத்தில் எதுவரை நடந்து வருவார்? மன்னரோடு எத்தனை பேர் உள்ளே நுழையலாம்? வைஸ்ராய் பதில் மரியாதைக்கு அவர் முகாமுக்குப் போவாரா, மாட்டாரா? எல்லாவற்றுக்கும் எழுதிவைத்த விதி உண்டு. மன்னர்களும் அந்த விதிகளை மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். கம்பளத்தில் ஓரடி குறைந்தால் அது அவமானம், அதற்கு மனு போடுவார்கள்.

தர்பார் அரங்கில் இந்தத் தகராறைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது என்றே சொல்ல வேண்டும். நேர்வரிசை வேண்டாம் என்று அரைவட்டமாக இருக்கைகள் போட்டார்கள். நடுவில் வைஸ்ராயின் மேடை. அரைவட்டத்தில் எல்லோருக்கும் மேடை ஏறக்குறைய ஒரே தூரம். மன்னர்களை மாகாணவாரியாகப் பிரித்து உட்கார வைத்து, நடுநடுவே வெள்ளைக்கார அதிகாரிகளையும் கலந்துவிட்டார்கள். முதன்மை இடத்தில் இருந்த மூன்று மன்னர்கள், ஐதராபாத், மைசூர், பரோடா. மூவருமே சிறுவர்கள். நிஜாமுக்கு வயது 10, மற்ற இருவருக்கும் 13. பேரரசின் மிக உயர்ந்த மரியாதையைப் பெற்றவர்கள் இன்னும் மீசை முளைக்காத பிள்ளைகள். பரோடாவின் அந்தப் பதின்மூன்று வயதுப் பையன் மூன்றாம் சாயாஜிராவ். 1911இல் அவர் திரும்ப வருவார்.

1877: யானைகளும் பஞ்சமும்

அன்றைய நிகழ்ச்சி நிரல் சிக்கலானதல்ல. எக்காளம், வைஸ்ராய் வருகை, பட்ட அறிவிப்பு, பீரங்கி முழக்கம், வைஸ்ராய் உரை. கட்டியம் சொல்ல மேஜர் பார்ன்ஸ் என்ற அதிகாரியைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியப் படையிலிருந்த ஆங்கில அதிகாரிகளிலேயே உயரமானவர் என்பதுதான் தகுதி. அவர் ஆங்கிலத்தில் படிக்க, வெளியுறவுச் செயலர் தார்ன்டன் உருதுவில் படித்தார்.

சொதப்பியது பீரங்கியில். 101 குண்டு முழக்கத்தோடு காலாட்படையும் வரிசையாகச் சுட்டது. வரிசையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒவ்வொரு சிப்பாயாக, சங்கிலி போலத் துப்பாக்கி வெடிக்கும். ஒற்றைப் பீரங்கிச் சத்தத்துக்குப் பழகிய யானையும் இந்தத் தொடர்வெடிக்குப் பழகியிருக்காது. சத்தம் தன்னை நோக்கி ஓடிவருவது போலத்தான் அதற்குத் தோன்றும். சுற்றி நின்ற யானைகளும் குதிரைகளும் மிரண்டு ஓடின. பார்க்க வந்தவர்களில் சிலர் மிதிபட்டுச் செத்தார்கள், பலர் காயப்பட்டார்கள், எழுந்த புழுதி மைதானத்தையே மூடியது. ஒலிக்கு ஒரு குழு, விலங்குகளுக்கு ஒரு குழு என்று ஏற்பாடுகள் பிரிந்துகிடந்தால் இப்படித்தான் ஆகும்.

அதைவிடப் பெரிய தவறு நாள் குறித்ததில் இருந்தது. சென்னை மாகாணத்தில் அப்போது மழை பொய்த்துப் பஞ்சம் பரவிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படுவது அதுதான். மாகாண ஆளுநர் பக்கிங்காம் கோமகன் சென்னையை விட்டு டெல்லியில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஆங்கிலேயரின் நேரடி ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. தர்பார் முடிந்த கையோடு லிட்டன் தெற்கே அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. டெல்லி விருந்தையும் இந்தக் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அப்போதே பத்திரிகைகளில் தொடங்கிவிட்டது.

டெல்லிக் கூட்டத்தில் பத்திரிகையாளராக வங்காளத் தேசியத் தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜியும் இருந்தார். ஒரு வேடிக்கைக்காக நாட்டின் மன்னர்களை எல்லாம் ஓரிடத்தில் கூட்ட முடியுமென்றால், மக்களின் பிரதிநிதிகளைக் கூட்ட முடியாதா என்ற எண்ணம் அங்கே உதித்ததாக அவரே பின்னாளில் எழுதினார். ரயிலும் தந்தியும் கூடாரமும் இருந்தால் இந்தியா முழுவதையும் ஒரு மைதானத்துக்குக் கொண்டுவரலாம் என்று அரசே செய்துகாட்டியிருந்தது.

கர்சனின் தர்பார்

1903 தர்பாரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏற்பாட்டில் மூன்றிலும் சிறந்தது இதுதான். மைதானத்துக்குத் தனியாக ஒரு சிறு ரயில்பாதை, மின்விளக்கு, கைவினைக் கண்காட்சி. சின்னச் சின்ன விஷயத்தையும் கர்சன் தானே பார்த்தார். வழிபாட்டுக்கான பாடல்களில் புகழ்பெற்ற ஒன்றை அவர் அடித்துவிட்டார், ஏனென்றால் அதில் மகுடங்களும் அரியணைகளும் அழிந்துபோகும் என்று ஒரு வரி வருகிறது.

பாட்டில் வந்த ஆபத்தைக் கண்டுபிடித்தவரால் கைதட்டலில் வந்த ஆபத்தைத் தடுக்க முடியவில்லை. 1902இல் ஒன்பதாம் லான்சர் குதிரைப்படையினர் ஓர் இந்தியச் சமையற்காரரை அடித்ததில் அவர் இறந்துபோனார். குற்றவாளியைப் படை காட்டிக்கொடுக்கவில்லை. கர்சன் படைப்பிரிவு முழுவதற்கும் விடுப்பை ரத்து செய்து தண்டித்தார். டெல்லி அணிவகுப்பில் அதே படை குதிரையில் கடந்துபோனபோது, கூடியிருந்த வெள்ளைக்காரர்கள், கர்சனின் சொந்த விருந்தினர்கள் உட்பட, ஆரவாரம் செய்து கொண்டாடினார்கள். தன் அரங்கில், தான் அழைத்த கூட்டத்தின் நடுவில், வைஸ்ராய் குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

1911: மகுடமும் முதுகும்

ஆட்சியிலிருந்த பிரிட்டிஷ் பேரரசர் ஒருவர் இந்தியாவில் தர்பார் நடத்தியது இந்த ஒருமுறைதான். முதல் சிக்கல் மகுடத்தில் வந்தது. டெல்லியில் மறுபடி முடிசூட்டிக்கொள்ளலாமா என்றால், முடிசூட்டு ஒரு கிறிஸ்தவ வழிபாடு. இந்துக்களும் முஸ்லிம்களும் நிறைந்த அரங்கில் அது கூடாது என்று மதத் தலைமை மறுத்தது. ஆக, மகுடத்தோடே வந்து உட்காரலாம் என்று முடிவாயிற்று. ஆனால் லண்டனில் உள்ள மகுடம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. எனவே கேரார்டு என்ற நகை நிறுவனத்திடம் புதிதாக ஒன்று செய்தார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வைரங்கள், ஏறத்தாழ ஒரு கிலோ எடை, 60,000 பவுண்டு செலவு, அதுவும் இந்திய வருவாயிலிருந்து. மூன்றரை மணி நேரம் அணிந்திருந்ததில் தலை வலித்தது என்று அரசர் நாட்குறிப்பில் எழுதினார். அதன்பிறகு அதை எவரும் தர்பாரில் அணியவில்லை. லண்டன் கோபுரத்தில் காட்சிப்பொருளாக இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் டிசம்பர் 7 நகர்வலத்தில். யானைமேல் வரும் பேரரசரைத்தான் மக்கள் எதிர்பார்த்திருந்தார்கள். ஜார்ஜ் யானை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குதிரையில் வந்தார். உடம்பில் ஃபீல்டு மார்ஷல் சீருடை, தலையில் வெயில் தொப்பி, சுற்றிலும் அதேபோல உடுத்திய அதிகாரிகள். இவர்களில் அரசர் யார் என்று பாதிக் கூட்டத்துக்குத் தெரியவில்லை. அரசர் வரவில்லையோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. குடையும் யானையும் வெறும் அலங்காரமல்ல. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு மைல் தூரத்தில் நிற்பவனுக்கு 'இதோ, இவர்தான்' என்று காட்டும் அடையாளம். இந்தத் தவறைச் சரிசெய்ததும் பழைய முகலாய வழக்கம்தான். டிசம்பர் 13 அன்று அரசரும் அரசியும் மகுடத்தோடு செங்கோட்டை உப்பரிகையில் உட்கார்ந்து தரிசனம் கொடுத்தார்கள். கீழே லட்சக்கணக்கானோர் கடந்துபோனார்கள்.

டிசம்பர் 12 அன்று மன்னர்கள் ஒவ்வொருவராக வந்து வணங்க வேண்டும். முறை இது: அரியணை முன் வந்து மூன்று முறை குனிந்து வணங்கி, முதுகைக் காட்டாமல் சில அடிகள் பின்னோக்கியே நடந்து, பிறகு விலக வேண்டும். நிஜாமை அடுத்து வந்தவர் சாயாஜிராவ். இப்போது வயது 48. முழு நகைகளும் அணியாமல், கையில் ஒரு கைத்தடியோடு வந்தார். ஒரே ஒருமுறை குனிந்தார், திரும்பினார், முதுகைக் காட்டியபடி நடந்துபோய்விட்டார். சில விநாடிகளில் முடிந்த காரியம். அரங்கிலிருந்த பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அங்கே சினிமா கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. செய்திப்படம் லண்டன் கொட்டகைகளுக்குப் போனது, பத்திரிகைகள் ராஜத்துரோகம் என்றன. பதற்றத்தில் முறை பிசகிவிட்டது என்று அவர் வைஸ்ராய் ஹார்டிஞ்சுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. வேண்டுமென்றே செய்தாரா என்பது இன்றும் வாதம்தான். தேசிய இயக்கத்தவரோடு அவருக்கு இருந்த நெருக்கத்தைப் பார்த்தால், வெறும் பதற்றம் என்பதை நம்புவது கடினம். எப்படியானாலும், ஒரு மன்னரின் முதுகை அத்தனை ஆயிரம் பேர் திரும்பத் திரும்பப் பார்க்க வழிசெய்தது சடங்கைப் பரப்ப நிறுத்திய அதே கேமராதான்.

தர்பாரின் கடைசியில் அரசர் தலைநகரை கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றும் அறிவிப்பைப் படித்தார். வங்கப் பிரிவினையும் ரத்தானது. மூன்று நாள் கழித்து முகாம் பகுதியிலேயே புது நகருக்கு அடிக்கல் நட்டார்கள். இடம் சரிப்படாது என்று பிறகு தெரிந்து, கற்களைப் பெயர்த்து ரைசினா குன்றுப் பக்கம் கொண்டுபோனார்கள்.

அடுத்த ஆண்டு, 1912 டிசம்பர் 23 அன்று, புதிய தலைநகருக்குள் ஹார்டிஞ்ச் முறைப்படி நுழைந்தார். முந்தைய ஆண்டின் பாடம் படித்தாயிற்று, இம்முறை யானை. சாந்தினி சௌக்கில் குண்டு வீசப்பட்டது. வைஸ்ராய் படுகாயமடைந்தார், பின்னால் குடை பிடித்தவர் இறந்தார். எல்லோருக்கும் தெரியும்படி உயரத்தில் உட்கார வைத்தால் குறிவைப்பவனுக்கும் தெரியத்தான் செய்யும்.

மிச்சம்

1936க்குப் பிறகு ஆறாம் ஜார்ஜுக்கு ஒரு தர்பார் என்று பேச்சு எழுந்து, தள்ளிப்போய், நடக்காமலே நின்றது. 1947 ஆகஸ்ட் 15 மாலை டெல்லியில் கொடியேற்றத்துக்குப் போட்ட அணிவகுப்புத் திட்டத்தைக் கூட்டமே விழுங்கிவிட்டது. மவுன்ட்பேட்டன் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை; அங்கிருந்தபடியே கொடிக்கு வணக்கம் செலுத்தினார்.

ஆனாலும் பீரங்கிக் கணக்கு உடனே போய்விடவில்லை. 1950 ஜனவரி 26 அன்று ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவரானபோது முழங்கியவை 31 குண்டுகள், வைஸ்ராய்க்கு வைத்திருந்த அதே எண்ணிக்கை. பிறகுதான் அது 21 ஆனது. இன்று ஏழு பீரங்கிகள் முறைவைத்து ஆளுக்கு மூன்று சுற்று சுடுகின்றன. தேசியகீதம் 52 விநாடி. அதற்குள் 21 குண்டும் அடங்க வேண்டும் என்பதால் சராசரியாக இரண்டரை விநாடிக்கு ஒரு வெடி. ஒரு பீரங்கி பிசகினாலும் கீதத்தோடு கணக்கு ஒட்டாமல் போய்விடும் என்பதற்காகவே வாரக்கணக்கில் ஒத்திகை. சமஸ்தான மன்னர்களின் 9 முதல் 21 வரையிலான படிக்கட்டு மட்டும் இன்னும் இருபது ஆண்டுகள் காகிதத்தில் இருந்தது. 1971இல் 26வது சட்டத்திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தபோது அதுவும் சேர்ந்து போயிற்று.